இன்ஜினை நிறுத்துவது எப்படி? சங்கரன்கோவில், மார்ச் 2012

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் குறைக்கப்பட்டுள்ளன.)

இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டால் ‘இதுல என்னப்பா வரலாறு இருக்கு’ என்று தோன்றும். ஒரு டீசல் இன்ஜினை எப்படி நிறுத்துவது? அவ்வளவுதான் தலைப்பு. ஸ்டார்ட் பண்ணுவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். நிறுத்துவதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதற்காக ஒரு ஊருக்குப் போகப்போகிறோம். சங்கரன்கோவில்.

சங்கரன்கோவில் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஆடித்தபசு ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு பிரியாணி ஞாபகம் வரும். இரண்டும் சரிதான். ஆனால் நமக்கு இன்றைக்கு வேண்டியது அந்த ஊரின் இன்னொரு முகம். விசைத்தறி. தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் கேட்கிற ஊர் அது. இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே தள்ளி இருப்பதால் குற்றாலச் சாரல் எல்லாம் இங்கே அவ்வளவாக எட்டாது. கிணறும் குளமும் நம்பிய வறண்ட பூமி. அப்படி ஒரு ஊருக்குக் கரண்ட் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

2011 அக்டோபரில் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்த கருப்பசாமி காலமானார். இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. வாக்குப்பதிவு 2012 மார்ச் 18. ஒரே ஒரு தொகுதி, ஆனால் மொத்தத் தமிழ்நாடும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரணம், அந்தச் சமயத்தில் மாநிலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: பவர் கட்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கிற நிறையப் பேர் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சென்னைக்காரர்களுக்கு அது முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். ‘இரண்டு மணி நேரமா, எப்படிங்க தாங்கறது’ என்று சென்னையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, மற்ற மாவட்டங்களில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. அந்த வருடக் கடைசியில் அது இன்னும் மோசமானது. பற்றாக்குறை 4000 மெகாவாட் வரை போனது. 2008-லேயே பெரிய தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்போது தி.மு.க. ஆட்சி, 2012-இல் அ.தி.மு.க. ஆட்சி. ஆக இரண்டு பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு, இரண்டு பக்கமும் மேடையில் அடுத்தவரைக் கை காட்டியது.

விசைத்தறிக்காரரின் நிலைமை இதில் ஒரு தனி வேடிக்கை. அந்தச் சமயத்தில், 2006-லிருந்தே, விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசமாக இருந்தது. யூனிட் இலவசம்தான், ஆனால் கரண்ட் வந்தால்தானே! தறி பாதி ஓட்டத்தில் நின்றால் துணியில் அந்த இடம் தனியாகத் தெரியும். தறி ஓடினால்தான் கூலி. மீட்டருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு வாங்குகிறவருக்கு எட்டு மணி நேர மின்வெட்டு என்பது பாதி நாள் சம்பளம்.

அதனால் ஜெனரேட்டர் வந்தது. தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் நடந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு இரும்புப் பெட்டி, புகை, காது கிழிகிற சத்தம். ஜெராக்ஸ் கடை, நகைக்கடை, ஐஸ்கிரீம் பார்லர், ரைஸ் மில், தறிக்கூடம். டீசல் லிட்டர் நாற்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. இதில் பெரும்பாலான இயந்திரங்களை ஓட்டியவர்கள் மெக்கானிக்குகள் இல்லை. கடைப்பையன், தறி ஓட்டுகிறவர், வாட்ச்மேன். அவர்களுக்குச் சொல்லித் தந்தது ஒரே பாடம்: ‘இந்தச் சாவியத் திருப்பு, ஓடும்.’ நிறுத்துகிற பாடம் யாருக்கும் நடத்தப்படவில்லை. இந்த எபிசோடின் மையமே அந்தப் பாடம்தான்.

பிளக் இல்லாத இன்ஜின்

உங்கள் பைக்கை எப்படி நிறுத்துவீர்கள்? சாவியைத் திருப்புவீர்கள். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தினால் தீப்பொறி இல்லை, தீப்பொறி இல்லையென்றால் எரிதல் இல்லை, வண்டி நின்றுவிடும். டீசல் இன்ஜினில் அந்தப் பிளக்கே கிடையாது.

அது தற்செயல் இல்லை, அதுதான் அந்தக் கண்டுபிடிப்பே. பாரிஸில் 1858-இல் பிறந்த ஜெர்மானியர் ருடால்ஃப் டீசல் கேட்ட கேள்வி இது: காற்றை வெறுமனே அழுத்தியே எரிபொருளைப் பற்றவைக்கிற அளவுக்குச் சூடாக்க முடியாதா? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் இல்லையா, அதே சமாச்சாரம்தான். காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு சுருக்கினால் 500 டிகிரிக்கு மேல் போகும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது உண்மை, கூடவே இன்ஜினில் மாட்டியிருந்த அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1897-இல் உருப்படியாக ஓடிய இன்ஜினைப் பேராசிரியர் ஒருவர் சோதித்துப் பார்த்து, எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாறுகிறது என்று அறிக்கை தந்தார். அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற வரைக்கும் இந்த இன்ஜின் நிற்காது. மின்சாரம் தேவையில்லை, பேட்டரி தேவையில்லை, சாவி தேவையில்லை. அதை நிறுத்த இரண்டே வழி. எண்ணெயை நிறுத்து. இல்லை, காற்றை நிறுத்து. பேட்டரி வயரைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பழைய இன்ஜின் நிற்கவே நிற்காது. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் சார்ஜ் போடுகிற ஆல்டர்னேட்டர்தான் வீணாகும்.

எண்ணெயை நினைத்த நேரத்தில், நினைத்த அளவுக்கு நிறுத்துவது ஆரம்பத்தில் சுலபமாக இல்லை. டீசல் காலத்து இன்ஜின்களில் அழுத்தப்பட்ட காற்றை வைத்து எரிபொருளைப் பீய்ச்சினார்கள். அதற்கு ஒரு தனி கம்ப்ரஸரே வேண்டும். 1927-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி எரிபொருள் பம்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தது. இந்தப் பம்புக்குள் ஒரு சின்னப் பல்கம்பி இருக்கும், ரேக் என்பார்கள். அது ஒரு பக்கம் நகர்ந்தால் எண்ணெய் அதிகம், மறுபக்கம் முழுவதும் நகர்ந்தால் எண்ணெய் பூஜ்ஜியம். கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த ரேக்கைப் பிடித்துக்கொண்டு வேகத்தைச் சமமாக வைத்திருக்கும். உலகத்தில் இன்றைக்கு ஓடுகிற பழைய மாடல் டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நிற்கின்றன. ஸ்டாப் லீவரை இழுக்கிறீர்களா, அது ரேக்கைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளுகிறது. ஜெனரேட்டரில் சாவி இருக்கிறதா, அது ஒரு சோலினாய்டு வழியாக அதே வேலையைச் செய்கிறது. ஆக, சாவி இன்ஜினை நேரடியாக நிறுத்துவதில்லை. அது வேறு ஒருத்தருக்கு உத்தரவு போடுகிறது. அந்த வேறு ஒருத்தர் சிக்கிக்கொண்டால்? அதற்கு வருகிறேன்.

ஆயில் இன்ஜின் காலம்

2012-க்கு முன்னாலேயே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு டீசல் இன்ஜின் பழக்கம். கிராமத்தில் யாரும் அதை டீசல் இன்ஜின் என்று சொன்னதில்லை. ‘ஆயில் இன்ஜின்’தான். அதற்கு முன்னால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் கமலை. இரண்டு மாடு, ஒரு தோல் சால், முன்னும் பின்னுமாக நாளெல்லாம் நடை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் வந்தது. ஆனால் அணையில் மின்சாரம் பிறந்த உடனே ஒவ்வொரு கிணற்றுக்கும் கம்பி வந்துவிடுமா? அதற்குப் பல வருடங்கள் பிடித்தன. அந்த இடைவெளியை நிரப்பியது ஆயில் இன்ஜின்.

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் என்ற கம்பெனி 1930 வாக்கில் ஒரு ஒற்றை சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்தது. பிற்பாடு வந்த மாடலுக்கு 6 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. இன்றைய கணக்குக்கு ஆமை. இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டில். இந்தியாவில் இதைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் வார்த்துத் தள்ளின. புனேயில் 1946-இல் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் ஆரம்பித்தது. ‘புக்கு... புக்கு... புக்கு’ என்று இரண்டு வயல் தாண்டிக் கேட்கிற அந்தச் சத்தத்தை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவார்கள். கேட்டுப் பாருங்கள், சும்மா சொல்லவில்லை.

இந்த இன்ஜினை முறையாக நிறுத்த, எரிபொருள் பம்பின் பக்கத்தில் இருக்கிற லீவரைத் தள்ளி எண்ணெயை நிறுத்த வேண்டும். சக்கரம் மெதுவாகத் தானாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு எடை அதிகம், சட்டென்று நிற்காது. அந்தக் கடைசிச் சுற்றுகளில்தான் துண்டும் வேட்டியும் பெல்ட்டில் மாட்டும். ‘அதான் ஆஃப் பண்ணியாச்சே’ என்று பக்கத்தில் போகிற நேரம் அது.

ஆனால் நடைமுறையில் பலர் செய்தது வேறு. இன்ஜின் தலையில் டிகம்ப்ரஷன் லீவர் என்று ஒன்று இருக்கும். கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது சுலபமாகச் சுற்ற, வால்வைத் திறந்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. அதைத் தூக்கினால் அழுத்தம் போய்விடும், அழுத்தம் போனால் சூடு வராது, இன்ஜின் நிற்கும். சுலபம். கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஆனால் பம்பு எண்ணெயைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். எரியாத அந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, மசகு எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் இப்படியே நிறுத்தினால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், ரீபோர் பில்லாக.

இன்னொரு வழக்கம், டேங்க் அடியில் இருக்கிற குழாயை மூடிவிடுவது. மிச்சமிருக்கிற எண்ணெய் தீர்ந்ததும் இன்ஜின் தானாக நிற்கும். இதுவும் எண்ணெயை நிறுத்துகிற வழிதான், ஆபத்து ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அடுத்த நாள் காலையில் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகுதான் ‘ஏர் புடிச்சிருச்சுப்பா’ என்று தெரியும். நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால்தான் இன்ஜின் கிளம்பும். ஆனாலும் வேறு எந்த லீவரும் வேலை செய்யாத நேரத்தில் இந்தக் குழாய் உயிர் காக்கும். ஜெனரேட்டர் வைத்திருக்கிற எந்த இடத்திலும் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

1990-க்குப் பிறகு விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசம். ஆயில் இன்ஜின்கள் ஓய்வு பெற்று ஷெட்டின் மூலைக்குப் போயின. அதை எப்படி நிறுத்துவது என்ற அறிவும் கூடவே மூலைக்குப் போனது. இருபது வருடம் கழித்து, மின்வெட்டு வந்தபோது, இன்ஜின் திரும்பி வந்தது. அறிவு திரும்பி வரவில்லை.

நிற்க மறுக்கிற இன்ஜின்

எண்ணெயை நிறுத்தியும் இன்ஜின் நிற்காமல் போகுமா? போகும். அதோடு வேகமும் கூடிக்கொண்டே போகும். மெக்கானிக்குகள் இதை ரன்அவே என்பார்கள். ஒரு காரணம், ரேக் துருவில் சிக்கி, எண்ணெய் முழு அளவில் ஓடிக்கொண்டிருப்பது. பல மாதம் ஓடாமல் கிடந்த ஜெனரேட்டரில் இது நடக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சந்தர்ப்பத்தில் டேங்க் குழாயை மூடினால் போதும், நின்றுவிடும். இரண்டாவது காரணம் பயங்கரமானது. இன்ஜின் தன் சொந்த மசகு ஆயிலையே குடிக்க ஆரம்பிப்பது. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, டர்போவின் சீல் போயிருந்தாலோ, அந்த ஆயில் காற்றோடு சிலிண்டருக்குள் போய் எரியும். இப்போது டீசலை நிறுத்தி என்ன பிரயோஜனம்? எரிபொருள் வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது, சுற்றியுள்ள காற்றிலேயே எரியக்கூடிய வாயு இருப்பது.

மூன்றாவதை நம்ப முடியவில்லை என்றால் இரண்டு சம்பவங்கள். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்ஸஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. ஒரு கோபுரம் நிரம்பி வழிந்து எரிவாயு மேகம் பரவியது. பக்கத்தில் ஒரு டீசல் பிக்கப் வண்டி ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. வாயுவை உறிஞ்சிய இன்ஜின் தறிகெட்டு ஓடியது, அதுவே தீ வைத்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. 15 பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரல் 20, மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை. கிணற்றிலிருந்து பீறிட்ட வாயுவை மேடையின் டீசல் ஜெனரேட்டர்கள் உறிஞ்சின. வேகம் எகிறியது, விளக்குகள் பளீரென்று எரிந்தன, பிறகு வெடிப்பு. 11 பேர் போனார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் மிச்சம் இருக்கிற வழி காற்றை அடைப்பது மட்டும்தான். பழைய டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் காற்று வழியை ஒரு தட்டு மூடுகிற மாதிரி அவசர ஏற்பாடு இருந்தது. எண்ணெய் வயல்களில் ஓடுகிற இன்ஜின்களில் இன்றைக்கும் அப்படி ஒரு வால்வு வைக்கிறார்கள். கடைத்தெரு ஜெனரேட்டரில் பெரும்பாலும் அது கிடையாது. கையில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் காற்று வாங்குகிற வாயில் அடிக்கலாம். தட்டையான பலகையால் அந்த வாயை மூடலாம். சட்டை, சாக்கு, வெறும் கை, இவை கூடவே கூடாது. இழுக்கிற வேகத்தில் துணி உள்ளே போய்விடும், கை மாட்டிக்கொள்ளும். அனுபவம் இல்லாத ஆள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டேங்க் குழாய் கைக்கு எட்டினால் மூடிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு தூர ஓடுவது. எட்டாவிட்டால் குழாயை மறந்துவிட்டு ஓடுவது. அந்த இன்ஜின் போனால் போகட்டும். உடைந்து பறக்கிற இரும்பு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் லோடு, அப்புறம்தான் இன்ஜின்

ரன்அவே அரிது. 2012-இல் தினமும் நடந்த தவறு வேறு, சாதாரணமானது. கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஓடிப்போய் ஜெனரேட்டர் சாவியைத் திருப்புவது. தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. லோடோடு இன்ஜினை நிறுத்தினால் வேகம் இறங்க இறங்க மின்னழுத்தமும் அலைவெண்ணும் சேர்ந்து இறங்கும். மோட்டார்கள் திணறிச் சூடாகும். எலக்ட்ரானிக் பொருள்கள் ஒவ்வொன்றாகப் போகும். இன்ஜின் பக்கமும் சேதம்தான். டர்போ உள்ள இன்ஜினில் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகக்கூடியது. அதன் பேரிங்குக்கு ஆயில் அனுப்புவதும் இன்ஜின்தான். முழு லோடில் கொதித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால், சக்கரம் சுற்றுகிறது, ஆயில் நின்றுவிட்டது. தங்கிய ஆயில் சூட்டில் கருகிக் கரியாகப் படியும்.

அதனால் வரிசை இதுதான். தறி, ஏ.சி., மோட்டார் என்று லோடை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஜெனரேட்டரின் பிரேக்கரைத் தூக்க வேண்டும். இன்ஜினை லோடு இல்லாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். பிறகுதான் சாவி அல்லது ஸ்டாப் லீவர். சிவப்பு நிறத்தில் காளான் மாதிரி ஒரு பட்டன் இருக்குமே, அது எமர்ஜென்சிக்கு. புகை, தீ, ஆள் மாட்டிக்கொண்டது, இதற்குத்தான். தினசரி அதை அமுக்கி நிறுத்துகிறவர்கள் தினசரி லோடோடு நிறுத்துகிறவர்கள்.

இதற்கு நடுவில் ஒரு பொருள் இருக்கிறது, என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் அதுதான் முக்கியம். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஈ.பி. லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறுபக்கம், நடுவில் ஆஃப். ஒரே நேரத்தில் இரண்டும் இணைய முடியாது. அது இல்லாமல், செலவு மிச்சம் என்று ஜெனரேட்டர் வயரை ஒரு பிளக் பாயின்ட்டில் நேராகச் செருகினால் என்ன ஆகும்? மின்சாரம் வீட்டு வயரிங் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 400-ஆக இறக்குகிற சாதனம் என்றுதான் நமக்குத் தெரியும். பின்பக்கமாக ஊட்டினால் அதுவே ஏற்றும். ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் கையில் அது பாயும். மின்வெட்டுக் காலத்தில் மக்கள் கோபத்தை நேருக்கு நேர் வாங்கியது அந்த லைன்மேன்கள்தான். மேடையில் பேசியவர்கள் யாரும் கம்பத்தில் ஏறவில்லை.

இன்னொன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கிறது என்று படுக்கிறவர் எழுந்திருக்கமாட்டார்.

மார்ச் 19

திரும்பச் சங்கரன்கோவிலுக்கு வருவோம். மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுப்பதிவு முடிந்தது. மறுநாள், மார்ச் 19, தமிழக அமைச்சரவை கூடி, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்கலாம் என்று முடிவெடுத்தது. ஒரு நாள் இடைவெளி. தேதியைப் பார்த்தாலே புரிகிற விஷயத்துக்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. 21-ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கை. அ.தி.மு.க.வின் முத்துச்செல்வி 68,000-க்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். மின்வெட்டு ஆளும் கட்சியைக் கவிழ்க்கும் என்ற கணிப்பு தவறிப்போனது. அந்த மாதம் முடிவதற்குள் மின்கட்டண உயர்வும் வந்துவிட்டது.

கூடங்குளம் சங்கரன்கோவிலிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர் தெற்கே. அன்றைக்கு ஒரே மாவட்டம். வடக்கே தறிக்காரர் ‘கரண்ட் வேணும்’ என்கிறார். தெற்கே இடிந்தகரை மீனவர் ‘அந்த உலை வேண்டாம்’ என்று மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருடைய கவலையும் உண்மை. இடிந்தகரைக்காரர்களின் பயத்துக்குக் காரணமான ஊரின் பெயர் ஃபுகுஷிமா. அங்கே நடந்ததன் நடுவில் இருப்பது, நம்புங்கள், டீசல் ஜெனரேட்டர்.

அணு உலையும் டீசல் இன்ஜின் மாதிரிதான், ஸ்விட்ச் போட்டால் முழுதாக அணையாது. கட்டுப்பாட்டுக் கம்பிகளை இறக்கினால் தொடர்வினை நொடிகளில் நின்றுவிடும். ஆனால் உள்ளே சேர்ந்திருக்கிற கதிரியக்கப் பொருள்கள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய அந்த நிமிடத்தில் முழுத் திறனில் ஆறேழு சதவீதம். போகப் போகக் குறையும், ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வரவில்லையென்றால், டீசல் ஜெனரேட்டர்.

2011 மார்ச் 11 மதியம் 2.46-க்கு ஜப்பானில் நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் தானாக ஸ்டார்ட் ஆயின. எல்லாம் திட்டமிட்டபடி. சுமார் 50 நிமிடம் கழித்துச் சுனாமி வந்தது. தாழ்வான இடத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் மூழ்கின. உயரத்தில் இருந்த, காற்றால் குளிர்கிற ஒரே ஒரு ஜெனரேட்டர், ஆறாவது உலைக்கானது, தொடர்ந்து ஓடியது. அது 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றியது. 1, 2, 3 உலைகள் உருகின.

நமக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. கடல்நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. இதைச் சொல்லி ‘பார்த்தீர்களா, நம்மிடம் எல்லாம் பத்திரம்’ என்பவர்களும் உண்டு, ‘பார்த்தீர்களா, தண்ணீர் புகுந்ததே’ என்பவர்களும் உண்டு. என் கட்சி இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாயும், ஏனென்றால் ஃபுகுஷிமாவிலும் முதல் 50 நிமிடம் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

கூடங்குளம் முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, அக்டோபரில் மின்கட்டமைப்போடு இணைந்தது. அதே வருடம் டிசம்பர் 31 அன்று, அதுவரை தனித்தீவாக இருந்த தென்னக மின்கட்டமைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாட்டின் மற்ற பகுதிகளோடு சேர்ந்தது. வெளியிலிருந்து கரண்ட் வாங்க வழி பிறந்தது. மெல்ல மெல்ல மின்வெட்டு குறைந்தது. கடைவாசல் ஜெனரேட்டர்கள் தார்ப்பாய்க்குள் போயின, சிலது பழைய இரும்புக் கடைக்குப் போயின. இப்போது புதிதாக வாங்குகிற ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலையிலிருந்து இன்னும் கடுமையான புகை விதி. அதற்காக உள்ளே கம்ப்யூட்டரே வந்துவிட்டது. எண்ணெயை நிறுத்துகிற வேலையை அது பார்த்துக்கொள்கிறது.

கடைசியாக, நிறையப் பேர் அனுப்புகிற ஒரு கேள்வி. ‘எங்க அபார்ட்மென்ட்ல கரண்ட் வந்த பிறகும் ஜெனரேட்டர் அஞ்சு நிமிஷம் ஓடிட்டே இருக்கு. அசோசியேஷன்ல டீசல் வேஸ்ட்னு சண்டை. செக்யூரிட்டிகிட்ட உடனே நிறுத்தச் சொல்லலாமா?’ சொல்லாதீர்கள். அது தானியங்கிப் பலகையில் வைத்திருக்கிற கூல்-டவுன் நேரம். லோடு ஈ.பி.க்கு மாறிவிட்டது, இன்ஜின் சும்மா ஓடி ஆறிக்கொண்டிருக்கிறது. லோடு இல்லாமல் ஓடுவதால் குடிக்கிற டீசலும் கொஞ்சம்தான். சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால், டேங்க் குழாய் எங்கே இருக்கிறது என்று செக்யூரிட்டிக்குக் காட்டிக்கொடுத்தீர்களா என்று அசோசியேஷனில் கேளுங்கள்.